‘மற்றவர்கள்’ என்கிற வரி

சில புதன்கிழமைக் காலைகளில், குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள், கைபேசியில் அமெரிக்க மாநிலம் ஒன்றின் தேர்தல் முடிவுகளைத் திறந்து வைத்துவிடுவேன். அங்கே பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான் வாக்குப்பதிவு. அவர்களுடைய கிழக்குக் கரையில் இரவு எட்டு மணிக்கு வாக்குச்சாவடியை மூடும்போது நமக்குப் புதன் விடிந்துகொண்டிருக்கும். “அங்க யார் ஜெயிச்சா உனக்கென்ன?” என்று வீட்டில் கேட்கிறார்கள். யார் ஜெயித்தார்கள் என்பதை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. விரல் நேராகப் பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

இது தொடங்கியது கமலா ஹாரிஸால். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் என்று தெரிந்ததும் நம்மில் பலரும் அமெரிக்கத் தேர்தலை எட்டிப் பார்த்தோம். அப்போதுதான் பிரைமரி என்றால் என்ன என்று எனக்குச் சரியாகப் புரிந்தது. நம் ஊரில் கட்சித் தலைமை ஒரு தாளில் வெளியிடும் வேட்பாளர் பட்டியல், அங்கே மாநிலம் மாநிலமாக ஒரு தேர்தலாக நடக்கிறது. முதல்நிலைத் தேர்தல் என்று தமிழில் எழுதுகிறார்கள். ஹாரிஸோ ஒரு பிரைமரிகூட வருவதற்கு முன்பே, 2019 டிசம்பர் 3 அன்று, போட்டியிலிருந்து விலகிவிட்டார். அவருக்காகப் பார்க்கத் தொடங்கிய நான் அவர் போன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் இல்லாத அந்தப் பட்டியல்களில்தான் மற்றவர்கள் இருந்தார்கள்.

‘மற்றவர்கள்’ என்பது பட்டியலின் கடைசி வரி. செய்தித்தாள்கள் சிறிய எண்களையெல்லாம் சேர்த்துக் கூட்டி அந்தச் சொல்லுக்குள் போட்டுவிடும். மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் பட்டியலைத் திறந்தால் மட்டுமே அவர்கள் பிரிந்து, பெயரோடு நிற்பார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் தகுதியுள்ள எவரும் 1000 டாலர் கட்டினால் அதிபர் பிரைமரியின் வாக்குச்சீட்டில் பெயர் வந்துவிடும். 2024-இல் குடியரசுக் கட்சியின் சீட்டில் மட்டும் 24 பெயர்கள். நமக்கு இது புதிதல்ல. 1996-இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1033 பேர் நின்றார்கள். விவசாயிகளின் கோரிக்கையை யாரும் காதில் வாங்கவில்லை என்பதற்காக நின்றார்கள். அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5000 ஆனது. சிறிய பெயர்கள் கூடிவிட்டால் எந்த அரசுக்கும் முதலில் தோன்றுவது விலையை ஏற்றுவதுதான்.

அந்தக் கடைசி வரிகளைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனதில் மார்கரெட் சேஸ் ஸ்மித் கிடைத்தார். மெய்ன் மாநிலத்தின் செனட்டர், குடியரசுக் கட்சிக்காரர். 1964-இல் அதிபர் வேட்பாளராக நிற்கப்போவதாக அறிவித்தார். நன்கொடை வாங்க மறுத்தார். செனட்டில் வாக்கெடுப்பு இருக்கும் நாளில் பிரசாரத்துக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டார். (வகுப்பு எடுத்து முடித்த பிறகு போராட்டத்துக்குப் போகும் பெண் ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.) நியூ ஹாம்ப்ஷயரின் உறைபனிக்குள் சுற்றி ஐந்தாவது இடத்துக்கு வந்தார். இல்லினாய்ஸில் மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாக்கு. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கட்சி மாநாட்டில் அவருக்கு விழுந்தவை 27. முடிவு தெரிந்ததும் மற்றவர்கள் தங்கள் வாக்குகளை வென்ற கோல்ட்வாட்டருக்கு மாற்றித் தந்து, தேர்வை ஒருமனதானதாகக் காட்ட முன்வந்தார்கள். சேஸ் ஸ்மித் தன் 27 பேரை விடுவிக்கவில்லை.

அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு ஒரு காதலே வந்துவிட்டது. அதே வாரத்தில் வகுப்பில் புறநானூற்றின் 66ஆம் பாடலை நடத்த வேண்டியிருந்தது. வெண்ணிப் போரில் வென்றவன் கரிகாலன். தோற்ற சேரன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். வென்றவனைப் பாட வந்த வெண்ணிக்குயத்தியார், அவன் முகத்துக்கு நேராகவே, தோற்றவன் உன்னைவிட நல்லவன் என்கிறார். மண்பாண்டம் செய்யும் குடியில் பிறந்த ஒரு பெண், அரசனிடம். நான் உணர்ச்சிவசப்பட்டு, சேஸ் ஸ்மித்தையும் இழுத்து வந்து, தோல்வியின் மேன்மை பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “அம்மா, அந்தச் சேரன் வடக்கிருந்து செத்ததாலதானே நல்லவன் ஆனான்? உடம்பு தேறித் திரும்பி வந்து இன்னொரு சண்டை போட்டிருந்தா குயத்தியார் பாடியிருப்பாங்களா?”

மணி அடித்துவிட்டது. அன்றைக்குத் தப்பித்தேன்.

கேள்வி என்னை விடவில்லை. காரணம் இலக்கியமல்ல. அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் ஆசிரியர் அமைப்பு ஒன்றின் செயலாளர் பதவிக்கு நான் நின்றேன். பல ஆண்டுகளாக அந்தப் பதவிக்குப் போட்டியே இருந்ததில்லை. யார் என்பது முன்பே டீக்கடையில் முடிவாகிவிடும். டீக்கடைக்கு நாங்கள் போவதில்லை. வேட்புமனுவைத் திரும்பப் பெறச் சொல்லி மூன்று பேர் அன்பாகப் பேசினார்கள், ஒருவர் அன்பில்லாமல் பேசினார். எனக்குக் கிடைத்தவை 11 வாக்குகள். மறுநாள் தாழ்வாரத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்: “நீங்க நின்னதே பெரிய விஷயம் மேடம்.” சொன்னவர்களை எண்ணினேன். பதினொன்றுக்கு மேல் போய்விட்டது.

நின்றதே பெரிய விஷயம். எனக்குப் போடாதவர்கள் எனக்குத் தந்த ஆறுதல் பரிசு அது. நான் வகுப்பில் சேஸ் ஸ்மித்துக்குத் தந்ததும் அதையேதானோ? தோற்ற பெண்ணை அழகாக்கிப் பார்ப்பது நமக்குப் பழகிப்போன வேலை. பொறுத்தவள், விட்டுக்கொடுத்தவள், தீயில் இறங்கியவள் என்று நம் கதைகள் பெண்ணின் தோல்விக்குப் பொட்டும் பூவும் வைத்து அனுப்பிவிட்டு, சொத்தையும் பதவியையும் வேறு பக்கம் கொடுத்திருக்கின்றன. கடைசி வரியைத் தேடிப் போகும் என் பழக்கமும் அந்தப் பூவைத்தான் கொண்டு போகிறதென்றால், அது பரிவு இல்லை. சாவுக்குப் போய்விட்டு வருவது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். தோற்கப் போகிறவருக்குப் போடும் வாக்கு வீண் என்கிற வாதத்துக்கு நாம் எவ்வளவு எளிதாகத் தலையாட்டுகிறோம். 1972-இல் ஷெர்லி சிஷோம் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். கறுப்பாக இருந்ததைவிடப் பெண்ணாக இருந்ததே தனக்குப் பெரிய தடையாக இருந்தது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கறுப்பின ஆண் தலைவர்கள் பலர் ஒதுங்கி நின்றார்கள். பெண்ணிய இயக்கத்தின் முன்வரிசையில் இருந்தவர்களிலும் பலர் முழுமனதாக அவர் பக்கம் வரவில்லை. வெல்லக்கூடியவர் என்று அவர்கள் கணக்கிட்ட மெக்கவர்ன் இருந்தார். மியாமி கடற்கரை மாநாட்டில் சிஷோமுக்கு 152 வாக்குகள். வெல்லக்கூடியவரான மெக்கவர்ன் நவம்பரில் 50 மாநிலங்களில் 49-இல் தோற்றார். வீணான வாக்கு எது என்பதை வாக்களிக்கும் நாளில் யாரும் அறிவதில்லை. ஆனாலும் பெண் நிற்கும்போது மட்டும் எல்லோரும் கணக்கு வாத்தியார் ஆகிவிடுகிறார்கள்.

அதே 1972-இல், மே 23 அன்று, ஓரிகன் மாநிலத்தின் பிரைமரியில் ஹவாயைச் சேர்ந்த பேட்சி மிங்க் நின்றார். ஜப்பானிய வம்சாவளிப் பெண், வியட்நாம் போருக்கு எதிராக நின்றார். இரண்டு விழுக்காட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 23 அன்று, அவர் உழைத்து உருவாக்கிய சட்டப்பிரிவு கையெழுத்தானது. அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிற ‘டைட்டில் நைன்’. அந்த இரண்டு விழுக்காட்டைப் பார்த்து யாராவது அவரிடமும் நின்றதே பெரிய விஷயம் என்று சொல்லியிருப்பார்கள்.

ஆக, சிறிய எண் என்றால் நல்ல எண் என்று சொல்லிவிடலாமா? அங்கேயும் கால் வழுக்குகிறது.

2012-இல் மேற்கு வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில், பதவியில் இருந்த அதிபர் ஒபாமாவுக்கு எதிராகக் கீத் ஜட் என்ற ஒருவரின் பெயர் சீட்டில் இருந்தது. அவர் அப்போது டெக்சாஸில் கூட்டரசுச் சிறைக்குள் இருந்தார். பிரசாரம் செய்ய வழியே இல்லை. 41 விழுக்காடு வாக்கு அவருக்கு விழுந்தது. அவரை யாருக்கும் தெரியாது. ஒபாமா யாரென்று எல்லோருக்கும் தெரியும். நிலக்கரிக் கொள்கையின் மேலிருந்த கோபம் என்றார்கள். அதுவும் இருக்கும். ஆனால் பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கைதியின் மீது பத்தில் நால்வருக்கு வந்த அந்த நம்பிக்கையில் வேறெதுவும் இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. அறியப்படாதவர் என்பது சில நேரம் வெறும் திரை. அதற்குப் பின்னால் நின்று யாரை வேண்டுமானாலும் வெறுக்கலாம்.

1976-இல் எலன் மெக்கார்மக். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த குடும்பத்தலைவி, பெரிய பதவி எதிலும் இருந்ததில்லை. பல மாநிலங்களின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரிகளில் நின்றார். தேர்தல் செலவுக்கு அரசு தரும் ஈட்டு நிதிக்குத் தகுதி பெற்ற முதல் பெண் அவர்தான். மாநாட்டில் 22 வாக்குகள். இதுவரை படிக்கும்போது கைதட்டத் தோன்றும். அவர் நின்றது ஒரே ஒரு காரணத்துக்காக: கருக்கலைப்பு உரிமையை ஒழிக்க. வேட்பாளரின் விளம்பரத்தைத் தொலைக்காட்சி நிலையங்கள் வெட்ட முடியாது என்கிற விதி அவருக்குப் பயன்பட்டது. பெண்ணின் உடல் பெண்ணுக்கே என்று நம்பும் நான், கடைசி வரியில் ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனது எதற்காக? அவருடைய 22, சேஸ் ஸ்மித்தின் 27 போலவே மாற்றாமல் எண்ணப்பட வேண்டியது. அதை நான் மறுக்க மாட்டேன். நேசிக்க வேண்டும் என்ற கட்டாயம் எனக்கில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆனது.

வாக்கு வேட்பாளரின் சொத்தும் இல்லை. 2024 பிப்ரவரியில் நெவாடாவின் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் நிக்கி ஹேலி, ‘இவர்களில் எவருமில்லை’ என்கிற கட்டத்திடம் தோற்றார். டிரம்ப் அந்தச் சீட்டிலேயே இல்லை. நோட்டாவிடம் தோற்ற அந்தப் பெண், மார்ச்சில் போட்டியிலிருந்தே விலகிய பிறகும், மே மாதத்து இந்தியானாவில் ஐந்தில் ஒருவர் அவருக்கு வாக்களித்தார்கள். அதே மாதம் அவர் தன் வாக்கு டிரம்ப்புக்கே என்று அறிவித்தார். இந்தியானாவில் வரிசையில் நின்று அவர் பெயரைத் தேர்ந்தவர்கள் சொன்னது அவருக்காகச் சொன்னதல்ல; அவரே கைவிட்ட பிறகும் அது அங்கேயே பதிந்திருக்கிறது.

மாணவியின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது ஃபேன்னி லூ ஹேமரிடம்.

மிசிசிப்பியில் குத்தகை விவசாயம் செய்த பெற்றோருக்கு இருபதாவது பிள்ளையாக 1917-இல் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே பருத்திக் காட்டு வேலை. 1961-இல் ஒரு சிறு கட்டியை அகற்ற மருத்துவமனைக்குப் போனவரின் கருப்பையை அவரிடம் கேட்காமலேயே எடுத்துவிட்டார்கள். 1962 ஆகஸ்ட் 31 அன்று, வாக்காளராகப் பதிவு செய்ய வேறு 17 பேரோடு பேருந்தில் இண்டியனோலாவுக்குப் போனார். மாநில அரசியல் சட்டத்தில் கேள்வி கேட்டு அவரைத் தோற்கடித்து அனுப்பினார்கள். வீடு திரும்பியபோது பண்ணை முதலாளி காத்திருந்தார்: மனுவைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியேறு. பதினெட்டு ஆண்டு உழைத்த பண்ணையிலிருந்து அன்றிரவே வெளியேறினார். பெயரைப் பதிய மறுபடி போனார். 1963-இல் வாக்காளர் ஆனார். அதே ஆண்டு ஜூனில் வினோனா சிறையில் அடித்தார்கள். சிறுநீரகத்திலும் கண்ணிலும் அந்த அடி கடைசிவரை இருந்தது.

1964 ஜூனில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் பிரதிநிதிகள் சபை வேட்பாளராக நின்றார். எதிரில் 1941 முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்த ஜேமி விட்டன். தொகுதி மக்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர். ஆனால் மாநிலம் முழுவதிலும் வாக்குரிமைக்குரிய கறுப்பின மக்களில் பதிவு செய்ய முடிந்தவர்கள் ஏழு விழுக்காடுகூட இல்லை. விட்டனுக்கு முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. ஹேமருக்கு அறுநூற்றுச் சொச்சம். அதில் ஒன்று அவருடையது. தன் வாழ்வின் முதல் வாக்கைத் தனக்கே போட்டதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்போது வயது 46.

இந்த இடத்தில் ஹேமர் வடக்கிருக்கவில்லை. ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் நகரில் கட்சியின் தகுதிக் குழு முன்னால் உட்கார்ந்து, மிசிசிப்பியிலிருந்து வந்திருக்கும் வெள்ளையர் குழு யாரையும் பிரதிநிதித்துவப்படுத்தவில்லை என்று சாட்சி சொன்னார். அதிபர் ஜான்சன் பதறிப்போய், தொலைக்காட்சியை அவர் பக்கமிருந்து திருப்ப, அவசரமாக ஒரு செய்தியாளர் சந்திப்பு வைத்தார். அன்றிரவு நிலையங்கள் ஹேமரின் பேச்சை ஒளிபரப்பின. சமரசமாக இரண்டு இருக்கை தருவதாகச் சொன்னார்கள்; யார் உட்கார்வது என்பதையும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள், ஹேமர் அதில் இல்லை. மறுத்துவிட்டு ஊர் திரும்பினார். நவம்பர்ச் சீட்டில் பெயர் போட அனுமதிக்காததால், தேர்தலுக்கு இணையாகத் தாங்களே ஒரு வாக்கெடுப்பை நடத்தினார்கள். பதிவு கேட்காத, தேர்வு வைக்காத அந்த வாக்கெடுப்பில் அவருக்கு விழுந்தவை முப்பத்து மூவாயிரத்துக்கும் மேல்.

இரண்டு எண்கள்: ஜூனில் அறுநூறு, நவம்பரில் முப்பத்து மூவாயிரம். சட்டப்படி முதல் எண் மட்டுமே செல்லும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எஞ்சியவர்களை யார் தடுத்தார்கள் என்ற கேள்வி தானாக எழும். 1965 ஜனவரியில் ஹேமரும் விக்டோரியா கிரேயும் ஆனி டிவைனும் மிசிசிப்பியின் ஐந்து உறுப்பினர்களையும் சபையில் அமர விடக்கூடாது என்று முறையிட்டார்கள். 149 உறுப்பினர்கள் அவர்கள் பக்கம் வாக்களித்தார்கள். அதுவும் தோற்றது, செப்டம்பரில் முறையீட்டையே தள்ளுபடி செய்தார்கள். இடையில் ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. ஹேமர் 1971-இல் மாநில செனட்டுக்கு நின்று மறுபடியும் தோற்றார். 1977-இல் இறக்கும்வரை எந்த மக்கள் பதவிக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

இதை நான் வகுப்பில் சொன்னபோது மாணவி உடனே ஒத்துக்கொண்டுவிடவில்லை. “அப்ப அவங்க நல்லவங்கன்னு சொல்ல வேண்டாமா, அம்மா?” என்றாள். “சொல்லலாம்மா. அவங்க கேட்டது அது இல்ல” என்றேன். ஜூன் மாதத்து அறுநூற்றை ஒரு மேன்மையாக ஹேமர் சுமந்து திரியவில்லை, கணக்காக வைத்துக்கொண்டார். கணக்கென்றால் யாரோ பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த எண் அரசின் ஏட்டில் ஏறியிருந்ததால்தான் நவம்பரின் எண்ணை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்க முடிந்தது. வாக்குச்சீட்டில் பெயரே ஏறாமல், ‘நல்ல போராளி’ என்ற பட்டம் மட்டும் கிடைத்திருந்தால் எதை வைத்துக் கேட்டிருப்பார்?

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உங்களுக்கு எவ்ளோம்மா விழுந்துச்சு?” என்று கேட்டாள். கல்லூரியில் எதுவும் ரகசியமில்லை. சொன்னேன்.

அந்த வாரமே அலுவலகத்தில் மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தேர்தல் நடந்த நாளுக்குரிய பக்கத்தில், இன்னார் பெரும்பான்மையால் செயலாளராகத் தேர்வு செய்யப்பட்டார் என்று ஒரே வரி. எதிர்த்து நின்றவர் பெயர் இல்லை, எண் இல்லை. இன்னும் ஐந்து வருடம் கழித்து ஒரு பெண் அந்தப் பதவிக்கு நிற்க நினைத்து இந்தப் புத்தகத்தைப் புரட்டினால், இதுவரை யாரும் நின்றதேயில்லை என்றுதான் நினைப்பாள். போட்டியே இல்லாத அமைப்பு, ஒற்றுமையான அமைப்பு.

அடுத்த பொதுக்குழுவில் எழுந்து, முந்தைய கூட்டக் குறிப்பில் ஒரு திருத்தம் வேண்டும் என்றேன். செயலாளர் நல்ல மனிதர்தான். பேனாவை எடுக்காமல் சிரித்தார்.

“அது எதுக்கு மேடம் இப்ப? உங்களுக்குத்தான் சங்கடம். எண்ணிக்கை ரொம்பக் கம்மி.”

“பரவாயில்ல சார். என் பேரு, அப்புறம் பதினொண்ணு. எண்ணாலும் எழுதுங்க, எழுத்தாலும் எழுதுங்க.”

எழுதி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.